இரும்புக் கையை வரைந்த கை

(நூலகக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'ஓவியர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்புக்கு நன்றி. ஆனால் அது உண்மையில்லை. நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓவிய வகுப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். பாடம் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் கடன் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசிவரை திருப்பித் தராத வகுப்பு. அப்படிப் பறிபோன நேரத்திலெல்லாம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் வரைந்த படங்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். சிறுவயதையும் சேர்த்தால் ஐம்பது வருடத்து நகல். காமிக்ஸ் ரசிகர்களில் கதைக்காகப் படிப்பவர் உண்டு. இதழ்களைச் சேர்த்து உறைபோட்டுப் பீரோவில் பூட்டுபவர் உண்டு. நகல் எடுப்பவன் இந்த இரண்டிலும் சேரமாட்டான். ஒரு கோட்டை மணிக்கட்டால் திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் அவனுக்கு அது புரியும். அப்படிப் புரிந்துகொண்ட சிலரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பட்டியல் பெரியதல்ல. உங்களில் பலருக்குப் பிடித்த பெயர் விடுபட்டுப் போகும். பேச்சு முடிந்தபின் வெளியே தேநீர் இருக்கிறதாம், அங்கே என்னைப் பிடித்துச் சண்டை போடுங்கள்.

1973 வாக்கில் எங்கள் தெரு சலூனில் மேலட்டை இல்லாத காமிக்ஸ் இதழ்கள் ஒரு கட்டு கிடக்கும். முடிவெட்டக் காத்திருப்பவர்களுக்காக. எனக்கு முடிவெட்டும் முறை வந்தாலும் பின்னால் வந்தவரை முன்னால் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அதில் ஒன்று 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் தன் முதல் இதழாக வெளியிட்ட கதை. இங்கே தலை நரைத்தவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, பார்க்கிறேன். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த ஒருவனுக்கு எஃகுக் கை பொருத்துகிறார்கள். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துபோவான். அந்தக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் அது தனியே அலையும்.

சலூன்காரரிடம் கெஞ்சி ஒரு இரவுக்கு இதழை வாங்கி வந்தேன். தாளில் தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் காயவைத்தால் கண்ணாடி போல ஆகிவிடும். அதைப் படத்தின்மேல் போட்டுக் கோடு இழுத்தேன். அம்மா எண்ணெய் கிண்ணத்தைத் தேடியது தனிக்கதை. நகல் முடிந்து எடுத்துப் பார்த்தால் என் மாயாவியின் கை கொடியில் காயும் கையுறை மாதிரித் தொங்கியது. புத்தகத்தில் இருந்த கை அப்படி இல்லை. அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தான். கோடு கோடாக அதையேதான் இழுத்திருந்தேன், பின் ஏன் என் கைக்குப் பின்னால் ஆள் இல்லை?

விடை கிடைக்கப் பல வருடம் ஆனது. அதை வரைந்தவர் கையை மட்டும் வரையவில்லை. மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது, விரல் கதவுக் கைப்பிடியைப் பிடிக்கும்போது பாரம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தச் சாய்வைப் பின்தொடர்ந்தால் முழங்கை எங்கே இருக்கும், தோள் எங்கே, நிற்கும் ஆளின் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று நம் கண்ணே கண்டுபிடித்துவிடும். முழு ஆளையும் மனதில் வரைந்து, பிறகு கையைத் தவிர மற்றதை அழித்திருக்கிறார். நான் புத்தகத்தில் இருந்த கையை மட்டும் நகல் எடுத்தேன். அவர் அழித்ததை எப்படி நகல் எடுப்பது?

அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயினின் பார்சலோனாவில் 1919இல் பிறந்தவர். 1930களிலேயே 'கூட்டோ' என்ற சிறுவனை நாயகனாக வைத்துப் படக்கதை தொடங்கியவர். அவருடைய தம்பிகளும் தங்கையும்கூட ஓவியர்கள்தான். குடும்பமே ஒரு பட்டறை போல வேலை செய்தது. மாயாவியின் மூலக்கதை லண்டனிலிருந்து வந்த 'வேலியன்ட்' வாராந்தரியில் 1962 அக்டோபரில், அதன் முதல் இதழிலேயே தொடங்கியது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வாராந்தரிகள் ஸ்பெயின், இத்தாலி ஓவியர்களிடம் முகவர்கள் வழியாக வேலை வாங்கின. பார்சலோனாவில் வரைந்த பக்கம் தபாலில் லண்டன் போகும். அங்கே ஆங்கிலத்தில் வசனம் ஒட்டுவார்கள். வரைந்தவர் பெயரை அச்சிடும் பழக்கம் அங்கே கிடையாது. 1977இல் வந்த '2000 ஏடி' இதழுக்குப் பிறகுதான் அந்த வழக்கம் பிரிட்டனில் மாறத் தொடங்கியது. மூலத்திலேயே இல்லாத பெயர் தமிழுக்கு எப்படி வரும்? ஆக, பார்சலோனாவிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து சிவகாசி, சிவகாசியிலிருந்து எங்கள் தெரு சலூன் என்று அந்தக் கை இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பெயர் முதல் ஊரிலேயே நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் நான் முதலில் வியந்த ஓவியர் யார் என்று எனக்கு முப்பது வயதுவரை தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஓவிய விமர்சகர்கள் அதிகம் பேசாத விஷயம். அந்த வாராந்தரிகள் மட்டமான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. மை ஊறும், மெல்லிய கோடு காணாமல் போகும், கருமை அப்பிக்கொள்ளும். பிளாஸ்கோ அதை நினைத்தே வரைந்தார். பெரிய பெரிய கருநிழல்கள், அவற்றுக்கிடையே வெள்ளை. நடுவாந்திரமான சாம்பல் பூச்சு வேலை மிகக் குறைவு. அதனால்தான் இங்கே நகலிலிருந்து நகலாக மாறி, அளவில் சுருங்கி அச்சான பிறகும் அந்தப் படங்கள் பிழைத்தன. அருங்காட்சியகச் சுவருக்கு வரைவது ஒரு திறமை. மோசமான அச்சு எந்திரத்தை மனதில் வைத்து வரைவது வேறொரு திறமை. இரண்டாவதை நாம் மதிக்கப் பழகவில்லை.

பிளாஸ்கோவின் நிழல்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மில்டன் கேனிஃப், அலெக்ஸ் ரேமண்ட் ஆகிய ஓவியர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ரேமண்ட் 1934 ஜனவரியில் 'ஃபிளாஷ் கார்டன்' தொடங்கினார். வேற்றுக்கிரகம், அரியணைகள், சிறகுமுளைத்த மனிதர்கள் எல்லாம் அதில் உண்டு. தமிழில் நாம் படித்த 'ரிப் கெர்பி'யும் அவர் படைத்ததுதான். அவருடைய தூரிகைக் கோடு கனமாகத் தொடங்கி, முடியும் இடத்தில் பறவை இறகின் நுனி போலக் கரைந்துவிடும். அதை நகலெடுக்க மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நான் சொல்வது உவமை இல்லை. உண்மையிலேயே மூச்சை விட்டால் கோடு நடுங்கும். 1956இல் கார் விபத்தில் 46 வயதில் இறந்துபோனார்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் வளர்ந்த அமெரிக்கச் சிறுவன் ஒருவன் ஃபிளாஷ் கார்டனைப் பார்த்துப் பித்துப்பிடித்துப் போனான். பெயர் ஆல் வில்லியம்சன். வளர்ந்து 1967 முதல் 1980 வரை ஒரு தினசரிப் படக்கதையை வரைந்தான். அது நம்மூர் 'ரகசிய ஏஜெண்ட் காரிகன்'. அந்தத் தொடரை 1934இல் முதன்முதலில் வரைந்தவரும் ரேமண்ட்தான். குருவின் நாற்காலியில் சீடன் உட்கார்ந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லியம்சன் தன்னையே மாதிரியாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்துக் காரிகனை வரைவார். மழைக்கோட்டும் கைத்துப்பாக்கியுமாக நாம் ரசித்த அந்த வீரன் அனேகமாக ஓவியர்தான்! ஹால் ஃபாஸ்டரைப் பற்றி நேரமிருந்தால் ஒரு மணி நேரம் பேசலாம். 1937இல் தொடங்கிய அவருடைய 'பிரின்ஸ் வேலியன்ட்'டில் பேச்சுக் குமிழே கிடையாது, வசனம் எல்லாம் படத்துக்குக் கீழே. தன் கோட்டையின்மேல் ஒரு வெள்ளைக் குமிழ் வந்து உட்காருவதை அவர் விரும்பவில்லை போலும். தமிழ்க் காமிக்ஸ் பார்த்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிவது நமக்கு ஆறு சொல்லாகும். குமிழ் ஊதிப் பெருத்து வில்லனின் பாதி முகத்தை விழுங்கிவிடும்.

இப்போது ஜாக் கிர்பிக்கு வருகிறேன். இவரை நகல் எடுத்தபோதுதான் என் ஓவியப் படிப்பு பயனற்றது என்று தெரிந்தது.

என் பேரன் கேப்டன் அமெரிக்கா பனியன் போட்டுக்கொண்டு திரிகிறான். நடிகர் பெயர் கேட்டால் சொல்வான். படைத்தவர் பெயர் கேட்டால் 'ஒரு கம்பெனி' என்பான். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாத்திரம் 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழில் வந்தது. அட்டையில் நாயகன் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விடுகிறான். இதழ் கடைக்கு வந்தது 1940 கடைசியில். அமெரிக்கா போரில் இறங்குவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பு. வரைந்தவர் நியூயார்க்கின் நெரிசலான கீழைக்கரைக் குடியிருப்பில் ஏழை யூதக் குடும்பத்தில் 1917இல் பிறந்த ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். தெருச்சண்டை போட்டு வளர்ந்தவர். அந்தக் குத்து எப்படி விழும் என்று அவருக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அவரே படையில் சேர்ந்து 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் கரையில் இறங்கினார். ஓவியர் என்று தெரிந்ததும் அதிகாரி அவரை முன்னணிக்கு அனுப்பினார், எதிரி இருக்கும் இடங்களை வேவுபார்த்து வரைபடம் போட்டு வர. ஓவியத் திறமைக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்! குளிரில் கால்கள் பனிக்கடிபட்டு, வெட்டி எடுக்கும் நிலைக்குப் போய்த் தப்பினார்.

கிர்பியின் மனிதர்களுக்கு விரல்கள் செங்கல் போலச் சதுரமாக இருக்கும். முழங்கால் முட்டி இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும். குத்து விடும் கை பக்கத்தைத் தாண்டி நம் மூக்குவரை வரும். அதில் முஷ்டி தலையைவிடப் பெரிது. உடற்கூறு படித்த திமிரில் நான் ஒரு படத்தைத் 'திருத்தி' நகல் எடுத்தேன். முட்டியை அதன் இடத்தில் வைத்தேன், விரல்களை உருண்டையாக்கினேன். படம் நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருந்த ஆள் பேருந்துக்குக் காத்திருப்பவன் போல ஆகிவிட்டான். அவர் எலும்பை வரையவில்லை, எலும்புக்குள் போகும் விசையை வரைந்தார். வெடிப்பு, மின்சாரம், அண்டவெளி எதையாவது காட்ட வேண்டுமென்றால் கறுப்பு வட்டங்களைக் கொத்துக் கொத்தாகப் போடுவார். வேறொன்றும் இல்லை, வெறும் புள்ளி. ஆனால் தாள் கொதிப்பதுபோல இருக்கும். இன்று சினிமாக்காரர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து அந்தக் கொதிப்பைத்தான் கணினியில் உண்டாக்கப் பார்க்கிறார்கள்.

1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொடங்கி அடுத்த பத்தாண்டில் மார்வெல் நிறுவனத்தின் உலகத்தில் பாதிக்குமேல் அவருடைய பென்சிலிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்த முறையும் விசித்திரம். எழுத்தாளர் ஸ்டான் லீயுடன் கதையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். பிறகு கிர்பி வீட்டுக்குப் போய் முழுக்கதையையும் வரைந்துவிடுவார். அதன்பிறகுதான் லீ வசனம் எழுதுவார். அப்படியானால் கதை யாருடையது? அந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பும் ஆயுள்முழுக்க வெவ்வேறு பதில் சொன்னார்கள். என் தரப்பு எது என்று ஊகித்திருப்பீர்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. வரைந்த மூலப் பக்கங்கள். மற்ற ஓவியர்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய நிறுவனம், கிர்பிக்கு மட்டும் 1984இல் நீண்ட ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. கையெழுத்துப் போட்டால் 88 பக்கம் தருவார்களாம். அவர் அங்கே வரைந்தது பத்தாயிரத்துக்கு மேல் என்பார்கள். ஓவியர்களும் ரசிகர்களும் கூச்சலிட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. 1987இல் இரண்டாயிரம் பக்கம் அளவுக்குத் திரும்பி வந்தது. மற்றவை? தொலைந்தன, திருடுபோயின, யார் யார் கையிலோ விற்பனையாயின. கிர்பி 1994இல் இறந்தார். அவருடைய பிள்ளைகளுக்கும் நிறுவனத்துக்கும் இருந்த உரிமை வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது. மாணவன் வரைந்த படத்தை மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட வாத்தியார் நான். 31 வருடம் வைத்துக்கொண்டேன், பரணில் கிடந்தன. கிர்பியின் கதையைப் படித்தபிறகு கிடைத்த விலாசங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன். பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன, வீடு மாறிப்போனார்கள்.

அடுத்த ஆளைத் தமிழில் கேட்டால் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். கேப்டன் டைகர். உடைந்த மூக்கு, சவரம் செய்யாத முகம், ராணுவச் சட்டம் எதையும் மதிக்காத குதிரைப்படை அதிகாரி. 'மின்னும் மரணம்' என்ற கெட்டிப் புத்தகம் இங்கே எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? கை தூக்குங்கள்... சரி, இத்தனை பேர் போதும். பிரெஞ்சில் அந்தப் பாத்திரத்தின் பெயர் புளூபெரி. எழுதியவர் ழான்-மிஷேல் ஷார்லியே. வரைந்தவர் ழான் ழிரோ. 1963இல் 'பிலோட்' இதழில் தொடங்கியது. மூக்குடைந்த அந்த முகத்துக்கு நடிகர் ழான்-போல் பெல்மோந்தோதான் மாதிரி.

ழிரோ 1938இல் பாரிஸுக்கு அருகே பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா மெக்ஸிகோ போய்விட்டார். பதினேழு பதினெட்டு வயதில் படிப்பை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கப் போன பையன் அங்கே பல மாதம் தங்கினான். பாலைவனத்தைப் பார்த்தான். வெட்டவெளி, நீல வானம், மனிதனே இல்லாத தூரம். பிறகு ஐம்பது வருடம் அவர் வரைந்ததெல்லாம் அந்தப் பாலைவனம்தான் என்று தோன்றும். ஊர் திரும்பி ழிழே என்ற பெயரில் வரைந்த மூத்த ஓவியரிடம் சீடனாகச் சேர்ந்தார். டைகரின் முதல் கதைகளைப் பார்த்தால் குருவின் கை அப்படியே தெரியும். பத்துப் புத்தகம் தாண்டுவதற்குள் பாறைகள் மாறிவிடுகின்றன. ஒவ்வொரு பாறைக்கும் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, தூசு எங்கே படிந்திருக்கிறது, பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கோடு கோடாகச் சொல்வார். ஒரு பாறையை நகல் எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. மாலையில் பார்த்தால் அது பாறையாக இல்லை, முள்ளம்பன்றியாக இருந்தது. அவருடைய குறுங்கோடுகள் தாறுமாறாக விழுந்தவை போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் பாறையின் மேடுபள்ளத்தோடு வளைந்து போகும். என் கோடுகள் எல்லாம் நேராக நின்றன.

அந்தப் பக்கங்களின் மூலையில் 'ழிர்' என்று கையெழுத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாற்பது நெருங்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வீட்டில் மேபியஸ் என்பவரின் படத்தொகுப்பைப் பார்த்தேன். கூம்புத் தொப்பி போட்ட ஒருவன், இறகில்லாத ராட்சதப் பறவை மேல் உட்கார்ந்து விசித்திரமான நிலத்தின்மேல் பறக்கிறான். வசனம் ஒரு வரி இல்லை. 'ஆர்ஸாக்'. 1975இல் வந்தது. ஒவ்வொரு கதைக்கும் தலைப்பின் எழுத்துக்கூட்டே மாறும், வேண்டுமென்றே. முன்னும் பின்னும் கிடையாது, காரணம் கிடையாது, கனவு போல நடந்து முடிந்துவிடும். கோடு மெல்லியது, சுத்தமானது. நிழல் கறுப்பு கிட்டத்தட்ட இல்லை. நான் நண்பரிடம், "இவர் யார், எந்த ஊர்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க டைகரை வரைஞ்சவர்தான்" என்றார். நம்பவில்லை. ஒரு ஓவியனின் கையைப் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடுவேன் என்று அத்தனை நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான்!

ழிரோ ஒரு கையால் தூரிகை பிடித்து மேற்கத்தியக் கதை வரைந்தார், அதே கையால் பேனா பிடித்து வேற்றுலகம் வரைந்தார். இரண்டுக்கும் இரண்டு பெயர். மேபியஸ் என்பது ஜெர்மன் கணித அறிஞர் மோபியஸின் பெயர். ஒரு தாள் நாடாவை அரை முறுக்கு முறுக்கி முனைகளை ஒட்டினால் அதற்கு இரண்டு பக்கம் இருக்காது, ஒரே பக்கம்தான். விரலால் தடவிக்கொண்டே போனால் மறுபக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். வீட்டுக்குப் போய் டைகரை எடுத்து வைத்துத் தடவிப் பார்த்தேன். பாலைவனத்தில் டைகர் தாகத்தில் தள்ளாடும் பக்கங்களில், மனிதனைச் சிறிய புள்ளியாக்கி வெட்டவெளியைப் பெரிதாக விடும் இடத்தில், ஆர்ஸாக் ஏற்கெனவே இருந்தான். எனக்குத்தான் தெரியவில்லை.

1974இன் கடைசியில் ஃபிலிப் துருய்யே முதலான நண்பர்களோடு சேர்ந்து அவர் 'மெத்தால் உர்லான்' என்ற இதழைத் தொடங்கினார். அமெரிக்காவில் அதைப் பார்த்து 'ஹெவி மெட்டல்' வந்தது. டான் ஓபனன் எழுத இவர் வரைந்த 'தி லாங் டுமாரோ' என்ற குறுங்கதையில், மேலும் கீழும் அடுக்கடுக்காகப் போகும் ஒரு நகரம் வரும். 'பிளேட் ரன்னர்' படத்தின் நகரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அங்கே போய் நிற்பீர்கள். 'ஏலியன்' படத்தின் விண்வெளி உடைகள் இவர் வரைந்தவை. 'ட்ரான்', 'தி ஃபிஃப்த் எலமென்ட்' இரண்டிலும் இவருடைய கை உண்டு. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாஸாக்கி தன் 'நௌஷிக்கா'வில் மேபியஸின் பாதிப்பு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். மேபியஸ் தன் மகளுக்கு நௌஷிக்கா என்றே பெயர் வைத்தார். பாரிஸில் இருவருடைய படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி நடந்தது. பாராட்டை இதைவிட அழகாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

எல்லாவற்றையும் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுத்தாளர் ஹொதொரோவ்ஸ்கியோடு அவர் செய்த 'இன்கால்' உலகப்புகழ் பெற்றது, எனக்குப் பாதியில் தூக்கம் வரும். ஞானோபதேசம் அதிகம். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் அற்புதம்.

கடைசியாக ஃபிராங்க் ஃபிரஸேட்டா. நியூயார்க்கின் புரூக்ளினில் 1928இல் பிறந்தவர். எட்டு வயதிலேயே ஓவியப் பள்ளியில் சேர்த்தார்கள். பதின்ம வயதிலேயே காமிக்ஸ் வேலை. வில்லியம்சனின் நெருங்கிய நண்பர், இருவரும் சேர்ந்து ஒரே பக்கத்தில் வேலை செய்ததுண்டு. 'லில் ஆப்னர்' என்ற வேடிக்கைத் தொடரை வரைந்த ஆல் கேப்பிடம் ஏறக்குறைய ஒன்பது வருடம் பெயர் தெரியாத உதவியாளராக இருந்தார். வெளியே வந்தபோது வேலை இல்லை. உன் பாணி பழையதாகிவிட்டது என்றார்களாம். 1964இல் 'மேட்' பத்திரிகைக்கு இசைக்கலைஞர் ரிங்கோ ஸ்டாரைக் கிண்டலாக வரைந்தார். அதைப் பார்த்துச் சினிமாக் கம்பெனி சுவரொட்டிக்கு அழைத்தது. ஒரு பிற்பகலில் செய்த வேலைக்கு ஒரு வருடச் சம்பளம் கிடைத்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்.

1966இல் கோனன் என்ற காட்டுவீரனின் கதைகளுக்கான மலிவுப் பதிப்புக்கு அட்டை வரைந்தார். பிணக்குவியலின் உச்சியில் வாளை ஊன்றி நிற்கும் ஒரு முரடன். பின்னால் புகை, செம்மண் நிறத்தில் மங்கலாக மண்டையோடுகள். புத்தகத்தைப் படிக்காமலே அட்டைக்காக வாங்கினார்கள். இன்று விளையாட்டிலோ சினிமாவிலோ கோடரி ஏந்திய எந்தக் காட்டுவீரனைப் பார்த்தாலும் அவன் இந்தப் படத்தின் பேரன். 1973இல் 'டெத் டீலர்': கருங்குதிரை, கொம்புவைத்த தலைக்கவசம், அதற்குள் முகம் இல்லை, இருட்டில் இரண்டு சிவப்புக் கண்கள். சுற்றிலும் கழுகுகள்.

இவரை நகல் எடுப்பது ஆகாத காரியம். ஒரு கோடை விடுமுறை முழுக்கக் கோனனோடு போராடினேன். தோள்பட்டை வந்தது, முகம் வந்தது. கீழே கால் இருக்கும் இடத்தில் மூலத்தில் என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒன்றுமே இல்லை. பழுப்பு வண்ணத்தைத் துணியால் துடைத்துவிட்டாற்போல. பார்க்கும்போது குவியல் குவியலாக உடல்கள் கிடப்பதாகத்தான் தோன்றுகிறது. உற்றுப் பார்த்தால் வண்ணச் சேறு. எங்கே கண் நிற்குமோ அங்கே மட்டும் முடித்திருக்கிறார். மற்றதை நம் தலையிலேயே கட்டிவிட்டார். பிளாஸ்கோ ஆளை அழித்துக் கையை விட்டது நினைவிருக்கிறதா?

அவர் படங்களில் பெண்கள் எதற்கு இருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. பெரும்பாலும் வீரனின் காலைக் கட்டிக்கொண்டு, உடை இல்லாமல். என் மகள் ஒருநாள் சுவரில் இருந்த நகலைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பொண்ணுக்கு எழுந்து நிக்கவே தெரியாதா?" என்று கேட்டாள். பதில் இல்லை. படத்தைக் கழற்றி உள்ளே வைத்தேன். ரசிப்பதை நிறுத்தவில்லை, அதுவும் உண்மை.

ஒரு விஷயத்தில் ஃபிரஸேட்டா கிர்பியைவிடக் கெட்டிக்காரர். மூல ஓவியம் எனக்கே திரும்ப வர வேண்டும் என்று பதிப்பாளர்களிடம் நிபந்தனை போட்டார். வியாபாரத்தை மனைவி எல்லி பார்த்துக்கொண்டார், அவர் கறார். திரும்பி வந்த படத்தை ஃபிரஸேட்டா சும்மா விடவும் மாட்டார். அச்சான பிறகும் பல வருடம் கழித்து எடுத்துவைத்துத் திருத்துவார், முகத்தை மாற்றுவார். அட்டையில் நாம் பார்த்ததும் சட்டத்துக்குள் இருப்பதும் வேறு வேறு. 1969இல் 'ஈரி' என்ற பேய்க்கதை இதழின் அட்டைக்கு அவர் வரைந்த 'எகிப்திய அரசி' 2019இல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சில்லறைக் காசுக்கு விற்ற இதழின் அட்டை. விலையைக் கேட்டு வாயைப் பிளக்கிறோம். அதைவிட எனக்கு முக்கியம், அந்தப் படம் பரணில் மட்கவில்லை, அவர் வீட்டில் இருந்தது.

முதுமையில் அவருக்கு அடுத்தடுத்துப் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாக இயங்கவில்லை. கோனனை வரைந்த கை. பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். எட்டு வயதில் வலது கை உட்கார்ந்த பாடத்தில் முதியவரின் இடது கை போய் உட்கார்ந்தது. கற்றுக்கொண்டு வரைந்தார், வண்ணமும் தீட்டினார். 2010 மே மாதம் இறந்தார். அடுத்த மாதமே நண்பர் வில்லியம்சனும் போய்விட்டார்.

அவர் இடது கைக்கு மாறிய செய்தியைப் படித்த அன்று சலூன் இதழில் பார்த்த அதே கையை எடுத்துவைத்து, இடது கையால் நகல் எடுத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆனது. கோடெல்லாம் கோணல். விரல் ஒன்று ஆறாக முளைத்தது போல இருந்தது. ஆனால் கையுறை மாதிரித் தொங்கவில்லை. பின்னால் ஆள் நிற்கிறானா என்று என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரோ கதவைத் திறக்கப்போறாங்க" என்றாள்.